பஞ்சு குறைந்தால் வேலை கூடும்

2022 மார்ச்சில் பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம், விலைவாசியைக் கணக்கிட வைத்திருக்கும் பொருள்பட்டியலிலிருந்து ஆண்களின் சூட்டை நீக்கியது. 1947இல் பட்டியல் தொடங்கிய காலத்திலிருந்து ஏதாவது ஒரு வடிவில் அதில் இருந்துவந்த உடை அது. அந்த இடத்துக்கு ஜோடிப் பேன்ட் இல்லாத தனிக் கோட்டு வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நியூயார்க்கின் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி ஊழியர்களுக்கான உடை விதியைத் தளர்த்தியிருந்தது. 1818இல் தொடங்கிய புரூக்ஸ் பிரதர்ஸ் 2020 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. இவற்றையெல்லாம் கோத்து, சூட்டின் காலம் முடிந்தது என்று எழுதுகிறவர்கள் நிறைய. கோட்டு வெட்டும் மேஜைக்குப் பின்னால் நிற்பவனுக்கு இதே செய்திகள் வேறொன்றைச் சொல்கின்றன. வேலைக்குப் போக வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்ட கோட்டு போய்க்கொண்டிருக்கிறது. பிடித்துப் போடுகிற கோட்டு மிஞ்சுகிறது. பிடித்துப் போடுகிறவர் உடம்பை இறுக்கும் கோட்டைச் சகிக்க மாட்டார். லேசாக, மென்மையாக, உடம்போடு சேர்ந்து அசைகிற கோட்டைத்தான் கேட்பார். அதைத் தைப்பது பழைய கனத்த கோட்டைத் தைப்பதைவிடச் சுலபம் என்று வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். தையல்காரர்களிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறாகச் சொல்கிறது. சூட் லேசாக ஆக ஆக வெட்டுகிறவரின் திறமை கூடுதலாக வேண்டியிருக்கிறது. அந்தத் திறமை கிடைக்காத ஊரில்தான் சூட் சாகும்.

சூட் ஆதியிலிருந்தே கம்பீரமான சபை உடையாக இருந்ததுபோலவும், இப்போதுதான் ஒழுங்கு கெட்டுவிட்டதுபோலவும் பேசுகிறவர்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் லவுஞ்ச் சூட் வந்தபோது, அது ஓய்வாக இருக்கும் நேரத்தில் போடுகிற சாதாரண உடை. லண்டனின் அலுவலகங்களிலும் சபைகளிலும் முழங்கால்வரை நீண்ட ஃபிராக் கோட்டுக்கும், முன்புறம் வளைந்து பின்னால் வாலாக இறங்கும் மார்னிங் கோட்டுக்கும்தான் மரியாதை. லவுஞ்ச் சூட்டின் குட்டைக் கோட்டு அங்கெல்லாம் நுழைந்து நிலைபெற இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், துணியை மிச்சப்படுத்த பிரிட்டிஷ் அரசு டபுள் பிரெஸ்ட் கோட்டையும் பேன்ட்டின் அடிமடிப்பையும் தடைசெய்தது. மடிப்பு இல்லாமல் மானம் போயிற்று என்று அப்போதும் புலம்பினார்கள். ஒரு தலைமுறைக்கு அலட்சியமாகப்படுவது அடுத்த தலைமுறைக்கு மரியாதையாகிவிடுகிறது. கட்டாயம் முழுதாகப் போய்விடவும் இல்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்க செனட்டில் உடை விதி தளர்ந்தது. அந்த மாதம் முடிவதற்குள் ஆண்கள் கோட்டும் டையும் அணிந்தே அவைக்குள் வர வேண்டும் என்று செனட் ஏகமனதாகத் தீர்மானித்தது. இப்படிச் சில சபைகளிலும் நீதிமன்றங்களிலும் கட்டாயம் நீடிக்கும். அதை நம்பி ஒரு தொழில் பிழைக்க முடியாது.

கோட்டைக் கையில் எடுக்கிறவர் வெளித்துணியையும் பட்டனையும்தான் பார்க்கிறார். வடிவம் இருப்பது உள்ளே. முன்பக்கத் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே கம்பளியும் ஆட்டுமயிரும் கலந்து நெய்த கேன்வாஸ் இருக்கும். மார்பில் அதன்மேல் குதிரைமயிர்த் துண்டு, அது உறுத்தாமலிருக்க மெல்லிய ஃபெல்ட், தோளில் பேட். லேப்பலை விரல்மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டு, வெளித்துணியில் ஓரிரு இழைகளை மட்டும் கவ்வுகிற மாதிரி நூற்றுக்கணக்கான சின்னத் தையல்கள், அதாவது பேட் ஸ்டிச், போட வேண்டும். வளைத்த நிலையிலேயே தைத்ததால் லேப்பல் பிறகு தானாக உருண்டு விழும். இஸ்திரியால் அமுக்கி வைத்த மடிப்பு அப்படி விழாது. முன்பு சூட் துணியே கஜத்துக்கு 16 அவுன்ஸ், 18 அவுன்ஸ் கனத்தில் வந்தது. அந்தத் துணி தன் கனத்தாலேயே தொங்கும். கீழே கேன்வாஸும் பேட்டும் சேர்ந்தால் கோட்டு தானே நிற்கும், போட்டிருப்பவர் எப்படி நின்றாலும் கவலையில்லை. இன்று அதிகம் விற்பது 9 முதல் 11 அவுன்ஸ் துணி. பாதிக் கனம். அது உள்ளே இருக்கிற ஒவ்வொரு பிசகையும் வெளியே காட்டிவிடும்.

மென்மைக்கான ஆசை அலுவலகத் தளர்வோடு பிறந்ததல்ல. ஹாலந்தில் பிறந்து லண்டனில் தொழில் செய்த ஃப்ரெடெரிக் ஷோல்டே, தோளில் திணிப்பைக் குறைத்து, மார்பிலும் முதுகிலும் கொஞ்சம் துணியைத் தளர விட்டு, டிரேப் என்று பெயர் வாங்கிய வெட்டைக் கொண்டுவந்தார். பின்னாளில் எட்டாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் அவருடைய வாடிக்கையாளர். ஷோல்டேயிடம் தொழில் பழகிய பெர் ஆண்டர்சன் 1906இல் தொடங்கிய ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட் கடை இன்றும் அந்த வழியில்தான் வெட்டுகிறது. வெயில் கொளுத்தும் நேப்பிள்ஸில், 1930களில், ஜென்னாரோ ருபினாச்சியின் கடையில் கட்டராக இருந்த வின்சென்ஸோ அத்தோலினி இன்னும் தூரம் போனார். பேட்டை எடுத்தார், கேன்வாஸை இலேசாக்கினார், லைனிங்கைக் குறைத்தார், சட்டைக்குக் கை ஏற்றுவதுபோல் கோட்டுக்குக் கை ஏற்றினார். 1975இல் மிலானில் தன் நிறுவனத்தைத் தொடங்கிய ஜார்ஜியோ அர்மானி இந்த மென்மையை ரெடிமேடுக்குள் கொண்டுவந்தார். 1980இல் 'அமெரிக்கன் ஜிகோலோ' படத்தில் ரிச்சர்ட் கியர் அவருடைய கோட்டுகளைப் போட்டுக்கொண்டு வந்ததும் உலகமே அதைக் கவனித்தது. மன்னருக்கும் செல்வருக்கும் எதையும் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. அவர்கள் அப்போதே மென்மையைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று அந்த வசதி சாதாரண ஆளுக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி வெட்டு மேஜைக்கு வருவோம். பேலன்ஸ் என்று நாங்கள் சொல்வது கோட்டின் முன்பக்க நீளத்துக்கும் பின்பக்க நீளத்துக்கும் உள்ள பொருத்தத்தை. நெஞ்சை நிமிர்த்தி நிற்பவருக்கு முன்பக்கம் நீளம் கூட வேண்டும், முதுகில் குறைய வேண்டும். இது தவறினால் பட்டனுக்குக் கீழே இரண்டு முன்பக்கங்களும் பிரிந்து ஓடும். முதுகு வளைந்தவருக்கு மாறாகப் பின்பக்கம் கூட வேண்டும். இல்லாவிட்டால் காலர் கழுத்தை விட்டு விலகி நிற்கும், பின் ஓபன் வாய் பிளக்கும். நாள் முழுக்கக் கணினியைப் பார்த்துக் கழுத்து முன்னே தள்ளிப்போன இளைஞர்கள் இப்போது அதிகம். அவர்களுக்குப் பழைய சார்ட்டை வைத்து வெட்டினால் மார்பளவு, இடுப்பளவு எல்லாம் சரியாக இருந்தும் கோட்டு பின்னால் சரிந்து விழுகிற மாதிரி இருக்கும். பெரும்பாலோருக்கு ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்தும் இருக்கும். திணிப்பு வைத்த கோட்டில் தாழ்ந்த பக்கம் பேட்டைக் கொஞ்சம் தடிமனாக்கினால் முடிந்தது விஷயம். பேட் இல்லாத கோட்டில் அந்தச் சரிவை வெட்டிலேயே கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிக் குறுக்கே ஒரு மடிப்பு ஓடும். எந்த இஸ்திரியும் அதைப் போக்காது. டேப் பாதி சொல்லும். மீதியை, வந்தவர் கடைக்குள் நடந்துவரும்போதே கண் பிடித்திருக்க வேண்டும்.

ஆர்ம்ஹோல் விஷயத்தில் வாடிக்கையாளருக்கும் எங்களுக்கும் ஓயாத வழக்கு. “கை இடுக்குது மாஸ்டர், கொஞ்சம் லூஸ் விடுங்க” என்பார்கள். ஆர்ம்ஹோலைப் பெரிதாக்கிக் கீழே இறக்கினால் கை விடுதலையாகும் என்பது அவர்கள் கணக்கு. நடப்பது வேறு. ஆர்ம்ஹோல் தாழ்ந்தால் கையைத் தூக்கும்போது கோட்டு முழுவதும் கூடவே தூக்கிக்கொண்டு வரும், காலர் காதைத் தொடும். அக்குளுக்கு நெருக்கமாக, சிறிதாக, உயர்த்தி வெட்டிய ஆர்ம்ஹோலில்தான் கை தனியாக அசையும், உடல் பகுதி அப்படியே இருக்கும். அந்தச் சின்ன வட்டத்துக்குள் அதைவிடப் பெரிய கையின் தலைப்பைச் சுருக்கம் தெரியாமல் ஏற்றுவது கோட்டு மாஸ்டரின் பரீட்சை. கம்பளியாக இருந்தால் நீராவியும் இஸ்திரியும் கொடுத்து அந்த உபரித் துணியைச் சுருங்கவைக்கலாம். பழைய கோட்டில் இந்த இணைப்பின்மேல் பேட்டும் பஞ்சு உருளையும் உட்கார்ந்து குறைகளை மூடிவிடும். மென்தோள் கோட்டில் மூட எதுவும் கிடையாது. லைனிங்கும் அப்படித்தான். லைனிங் போட்ட கோட்டுக்குள் எப்படித் தைத்திருந்தாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. லைனிங் எடுத்துவிட்டால் உள்ளே ஒவ்வொரு தையல் ஓரத்துக்கும் பட்டி கட்ட வேண்டும், பாக்கெட் பையைக்கூட அழகாக முடிக்க வேண்டும். லைனிங் இல்லாத கோட்டுக்குக் கூலி ஏன் குறையவில்லை என்று கேட்பவர்கள் கோட்டைத் திருப்பிப் போட்டுப் பார்க்கட்டும்.

துணிக் கடையில் 'சூப்பர் 120', 'சூப்பர் 150' என்று அச்சிட்ட ஓரத்தைக் காட்டி விலை சொல்கிறார்கள். அந்த எண் இழையின் மெல்லிய தன்மையை மட்டும் சொல்கிறது. சூப்பர் 100 என்றால் இழையின் சராசரிக் குறுக்களவு 18.75 மைக்ரானைத் தாண்டக் கூடாது. சூப்பர் 150 என்றால் 16.25. இழை மெலிந்தால் துணி வழவழப்பாகும். கூடவே சுலபமாகக் கசங்கும், சீக்கிரம் தேயும். நம் ஊர் வெயிலுக்கும் வேர்வைக்கும் வேண்டியது நன்றாக முறுக்கிய நூலில், காற்றுப் புகும்படி சாதா நெசவில் நெய்த கம்பளி. இங்கிலாந்தில் 1907இலேயே ஃப்ரெஸ்கோ என்ற பெயரில் இத்தகைய துணி வந்துவிட்டது. கைக்குச் சற்றுச் சொரசொரப்பாக இருப்பதால் கடையில் யாரும் விரும்பி எடுப்பதில்லை. மெல்லிய துணிதான் குளிர்ச்சி என்று எண்ணிச் சூப்பர் 150 எடுத்து, அதற்குள் பாலியெஸ்டர் லைனிங்கை முழுவதும் போட்டுவிட்டால் காற்றுக்கு எங்கே வழி? கல்யாண ரிசப்ஷனுக்கு இங்கே அதிகம் தைப்பது டி.ஆர். துணி, அதாவது பாலியெஸ்டரும் ரேயானும் கலந்தது. பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் பாலியெஸ்டர் இஸ்திரிக்குப் பணியாது, சுருங்க வேண்டிய இடத்தில் சுருங்காது, விரிய வேண்டிய இடத்தில் விரியாது. வடிவம் வராததால் உள்ளே பேட்டையும் பக்ரம் என்ற விறைப்புத் துணியையும் ஏற்றுகிறார்கள். மேடையில் வீடியோ விளக்குகளுக்கு எதிரே மூன்று மணி நேரம் நிற்கும் மாப்பிள்ளை, சூட் என்றாலே வேதனை என்று முடிவுகட்டிவிடுகிறார். அவர் ஆயுளில் போட்ட முதல் சூட்டும் கடைசிச் சூட்டும் அதுவாகவே இருந்துவிடுகிறது.

சூட்டின் பெயரைக் கெடுத்ததில் ஃபியூசிங்குக்குப் பெரிய பங்கு உண்டு. கேன்வாஸைக் கையால் தைத்துப் பிடிப்பதற்குப் பதிலாக, பசை தடவிய உள்துணியை வெளித்துணியோடு சூடான பிரஸ்ஸில் அழுத்தி ஒட்டிவிடுவது ஃபியூசிங். நாள்கணக்கில் பிடித்த வேலை நொடிக்கணக்கில் முடிகிறது. ஒட்டிய இரண்டு துணிகள் ஒன்றின்மேல் ஒன்று நகர முடியாது. அதனால் மார்பில் கோட்டு அட்டைபோல் விறைக்கும். சில டிரைகிளீனிங்குக்குப் பிறகு பசை விட்டுப்போன இடத்தில் கொப்புளம் கிளம்பும். இப்போது வருகிற பசைகள் நல்லவை, கொப்புளம் வருவதில்லை, விலையும் கட்டுப்படியாகிறது என்று ரெடிமேட் தரப்பில் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. நல்ல பிரஸ்ஸில், சரியான வெப்பத்தில் ஒட்டிய ஃபியூசிங் பல வருடம் தாங்கும். முன்பக்கம் முழுவதும் இலேசான ஃபியூசிங் கொடுத்து, மார்புக்கும் லேப்பலுக்கும் மட்டும் கேன்வாஸை மிதக்கவிட்டுத் தைக்கும் அரைக் கேன்வாஸ் கோட்டை நானே சிபாரிசு செய்வேன். நடுத்தர வருமானக்காரருக்கு அதுதான் நியாயமான வழி. என் எதிர்ப்பு, ஒட்டிய கோட்டை முழுக் கேன்வாஸ் என்று சொல்லி விற்பதற்கு. கீழ்ப் பட்டனுக்குக் கீழே வெளித்துணியையும் உள்துணியையும் இரண்டு விரல்களால் தனித்தனியாகக் கிள்ளிப் பாருங்கள். நடுவில் மூன்றாவது ஒன்று தனியே நழுவினால் அங்கே கேன்வாஸ் மிதக்கிறது. நழுவாவிட்டால் ஒட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு வாதம் இயந்திரத்தின் பேரால் வருகிறது. உடம்பை ஸ்கேன் செய்து, கணினியே பேட்டர்ன் போட்டு, தொழிற்சாலை வெட்டித் தைத்து அனுப்பிவிடும்போது கட்டிங் மாஸ்டர் எதற்கு என்கிறார்கள். ஊரில் அளவெடுத்துத் தொழிற்சாலையில் தைப்பது புதிதே அல்ல. இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் மாண்டேகு பர்ட்டன் இங்கிலாந்து முழுக்கக் கடை வைத்து அளவு வாங்கி, லீட்ஸ் நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த ஆலையில் தைத்துத் தொழிலாளிகளுக்கும் சூட் கொடுத்தார். அந்த முறையால் நல்லது நடந்தது, இன்றைய கணினி முறையாலும் நடக்கும். சராசரி உடம்புக்காரருக்கு அது குறைந்த செலவில் போதுமான கோட்டைத் தரும். ஸ்கேன் எடுப்பது ஆள் அசையாமல் நிற்கும் நொடியை. கோட்டு வாழ்வது அவர் உட்காரும்போதும், கை நீட்டும்போதும், வண்டி ஓட்டும்போதும். ஓட்டுத்தையல் போட்ட கோட்டை ட்ரயலில் மாட்டி, தோளைப் பிரித்து, அங்கேயே ஊசி குத்தி மாற்றிப் பார்க்கும் வேலையை இன்னும் எந்த இயந்திரமும் எடுத்துக்கொள்ளவில்லை. துணியில் எலாஸ்டேன் கலந்து நீட்டிக்கொடுக்க வைப்பதும் பாதி மருந்துதான். தவறான ஆர்ம்ஹோலை நீளும் துணி மன்னிக்கும், திருத்தாது. சில வருடத்தில் நீளும் குணம் தளர்ந்ததும் முழங்கையும் முழங்காலும் புடைத்து நிற்கும்.

இந்த வெயிலில் கோட்டே எதற்கு, வெள்ளைக்காரன் விட்டுப்போன உடை நமக்கு ஏன் என்ற கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். எல்லா எதிர்ப்புகளிலும் கனமானது அதுதான். வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடாத சம்பவத்துக்குப் பிறகு, 2014இல் அத்தகைய தடைகளுக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் சரியானது. வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதியும், உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் தவிர்ந்த நீதிமன்றங்களில் கோடைக்காலத்தில் கறுப்புக் கோட்டைக் கட்டாயமாக்கவில்லை. மாவட்ட நீதிமன்ற வராந்தாக்களில் வேர்த்து நிற்கும் இளம் வழக்கறிஞர்களைப் பார்த்தால், அந்தச் சலுகையை எல்லோரும் தயங்காமல் பயன்படுத்தலாம் என்றே தோன்றும். கோட்டு வேண்டாதவரைக் கோட்டுக்குள் திணிப்பதில் தையல்காரனுக்கு எந்தப் பெருமையும் இல்லை. வேண்டும் என்று வருகிறவரைப் பற்றித்தான் பேசுகிறேன். அவரிடம், நேப்பிள்ஸ்காரர்கள் தங்கள் வெயிலுக்குக் கண்ட வழி நமக்கும் பொருந்தும் என்று சொல்வேன்: திறந்த நெசவு, பேட் இல்லாத தோள், முதுகில் லைனிங் இல்லாமை. லண்டன் குளிருக்குத் தைத்த கனத்தைச் சென்னை வெயிலில் இத்தனை காலம் பிரதியெடுத்ததுதான் அநியாயம்.

ஃபேஷன் மாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2000 முதல் 2007 வரை டியோர் ஓம் நிறுவனத்தில் எடி ஸ்லிமான் வடிவமைத்த ஒட்டிய சூட்டுகள் உலகத்தையே இறுக்கிவிட்டன. கோட்டு குட்டையாயிற்று, லேப்பல் சுருங்கிற்று, பேன்ட் இடுப்பை விட்டு இறங்கிற்று. பேன்ட் தாழ்ந்து கோட்டு உயர்ந்ததால் பட்டனுக்குக் கீழே சட்டை முக்கோணமாக எட்டிப் பார்த்தது. அதை ஸ்டைல் என்று பத்து வருடத்துக்கும் மேலாகப் போட்டோம். இப்போது பேன்ட் மீண்டும் இடுப்புக்கு ஏறுகிறது, முன்னால் பிளீட் வருகிறது, கால் அகலமாகிறது. இந்த ஊசலாட்டத்தில் தப்பிப் பிழைப்பது, உள்ளே துணி விட்டுத் தைத்த கோட்டுதான். பக்கத் தையலிலும் முதுகுத் தையலிலும் ஓரங்குலம், பேன்ட்டின் பின் இடுப்பில் அதைவிடக் கூடுதலாக விட்டிருந்தால் வயிறு வளர்ந்தாலும் பிரித்துவிடலாம். ரெடிமேடில் அந்த உபரி பெரும்பாலும் இருப்பதில்லை, வெட்டி எறிந்திருப்பார்கள். கையால் தைத்த கோட்டு விலை அதிகம் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது ஆயுளையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதில்லை.

கூலியைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடலாம். லண்டனின் தையல் தெருவான சாவில் ரோவில் இரண்டு பீஸ் சூட்டுக்கு 50 மணி நேரத்துக்குக் குறையாத கைவேலை என்று அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊர்த் தையலகங்களில் கோட்டுக்காரருக்குப் பீஸ் ரேட். எத்தனை கோட்டு முடித்தாரோ அவ்வளவுதான் சம்பளம். பேட் ஸ்டிச் போட்டு நிதானமாகத் தைப்பவர் மாதக் கடைசியில் ஃபியூசிங் ஒட்டுபவரைவிடக் குறைவாகத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். இதைப் பார்க்கிற பையன்கள் கோட்டு வேலைக்கு வராமல் வேறு வேலை தேடிப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மென்தோள் கோட்டுக்குக் கூலியை மணிக்கணக்கில் தனியாக நிர்ணயிக்காத கடையில் அந்தக் கோட்டு ஒருநாளும் சரியாக வராது. கடைக்காரர்கள் அதைச் செய்ய வேண்டும். கோட்டு தைக்கக் கொடுப்பவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது துணியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், இரண்டு மாதம் கொடுங்கள். இரண்டு ட்ரயலுக்காவது வாருங்கள். அன்றைக்குப் போடப்போகிற சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு வாருங்கள். பட்டனைப் போட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். காலர் கழுத்தை விட்டு விலகினால் மாஸ்டரிடம் சொல்லித் திருத்தி வாங்குங்கள்.